இரண்டாவது காது குத்துவது சம்பந்தமாக

திருக்கோகர்ணம்
17-11-1956

வல்லத்திராக்கோட்டை மாப்பிள்ளை அடைக்கலம் அவர்களுக்கு, திருக்கோகர்ணம் ரத்தினவேல் எழுதிக்கொள்வது. தாங்களும் என் தங்கை கண்ணாத்தாளும் குழந்தை பிரகதாம்பாளும் தங்கள் தம்பி சேவுகனும், கொல்லையில் கட்டியிருக்கும் ஆடு மாடு உட்பட, ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மன் துணை. இங்கே நானும் பொன்னுத்தாயும் சுகம். எனக்கு இடது குதிகால் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றிப் பின்னால் வரும்.

தாங்கள் போட்ட கார்டு கிடைத்தது. தங்களுக்கு நான் முதலில் தெரிவித்துக்கொள்வது, இம்மாதிரி விஷயங்களைக் கார்டில் எழுதக்கூடாது. தபால்காரர் எனக்கு முன்னால் அதைப் படித்துவிட்டு, வாசலில் நின்று, "சார், அந்தப் பொம்பள கெடைச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் கையில் கொடுத்தார். நான் இல்லை என்றேன். "கெடைச்சா சொல்லுங்க சார், எங்க வீட்டுலயும் கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே இந்த விவகாரம் இப்போது எங்கள் தெரு முழுவதும் இருக்கிறது.

கார்டில் கண்ட விஷயம்: ஆவணி மாதம் கதண்டுக் குளவி கொட்டிய அன்று குழந்தைக்கு வலது காது மட்டும் குத்தியாயிற்று, இடது காது அப்படியே இருக்கிறது. கதண்டு வந்த நேரத்தில் என் மடியிலிருந்து குழந்தையை வாங்கிச் சேவுகனிடம் சேர்த்த அந்தப் பெண் யாரென்று கண்டுபிடித்து, அவளுக்கென்று எடுத்துவைத்திருக்கும் பட்டுச் சேலையைக் கொடுத்து, அவளை முன்னால் உட்கார வைத்த பிறகுதான் இரண்டாவது காதில் ஊசி படும் என்று கண்ணாத்தாள் சாமி முன்னால் சொல்லிவிட்டாள். அன்றைக்கு வந்திருந்த பெண்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் கேட்டாயிற்று. பொன்னமராவதி வரைக்கும் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். ஒருத்தியும் நான்தான் என்று சொல்லவில்லை. "மச்சான் படித்தவர், அவருக்கு அடையாளம் ஞாபகம் இருக்கும், எழுதி அனுப்பவும்." இதுதானே தாங்கள் கேட்டிருப்பது? எழுதுகிறேன். ஆனால் அந்த நாளை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்து எழுத முடியாது. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் இருக்கிறது.

தங்கள் புதுமனைப் புகுவிழாவில் பெண் கொடுத்த வீட்டு மூத்தவனாகிய என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தீர்கள். அந்த விஷயத்தை நான் மறந்துவிட்டேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. முதல் பந்தியில் இடம் இல்லை என்று வழிமறித்தவன் சேவுகன். "மச்சான், நீங்க நம்ம வீட்டு ஆளுதானே, அடுத்த பந்தில உக்காருவோம்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னான். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாட்டின் பின்னால் போனவன், சமஸ்தானத்துப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்த பி.ஏ. படித்தவனுக்கு இலை போடும் வரிசையைச் சொல்லிக் கொடுக்கிறான். நான் இலையில் உட்காராமல் பஸ் ஏறினேன். அதற்கடுத்த வருஷம் சமஸ்தானத்தைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்தார்கள். சீனியாரிட்டி லிஸ்டையும் சேர்த்தார்கள். தலைமை ஆசிரியராக வேண்டிய நான் பதினான்காவது பெயராக இறங்கி, என்னைவிட ஆறு வயது சின்னவர் ஒருவருக்குக் கீழே உட்கார்ந்து நீதிபோதனை வகுப்பு எடுக்கிறேன். இந்த இரண்டும் வெவ்வேறு விஷயம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அந்த நாற்காலியைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தங்கள் வீட்டு முதல் பந்திதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒன்பது வருஷம் தங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. குழந்தை பிறந்ததற்கும் வரவில்லை.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. கண்ணாத்தாள் அதைத் தூக்கிக்கொண்டு ஆடி மாதம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, பொன்னுத்தாய்தான் சொன்னாள். அவள் உள்ளே வராமலே, "அண்ணே, சீரு வேணாம், செனத்தி வேணாம். காது குத்த ஒன் மடி வேணும். வேற யாரு மடியில நான் இதை உக்கார வைப்பேன்?" என்றாள். தாய்மாமன் மடியில்தான் காது குத்த வேண்டும் என்ற வழக்கத்தை எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தினானோ தெரியாது. பகையாளி வீட்டுக்கும் ஒரு கதவு இருக்கட்டும் என்று நினைத்திருப்பான். நான் சரி என்றேன். பாசத்தால் மட்டும் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. முதல் மரியாதையோடு அந்த ஊருக்குள் போகலாம் என்பதும் அந்தச் 'சரி'க்குள் இருந்தது.

அதனால்தான் சீர் வேண்டாம் என்றவளுக்கு ஏழு தாம்பாளம் கொண்டுவந்தேன். நாயனம், கொட்டு. அதிர்வேட்டுப் போட ஒரு ஆள். தங்கள் வீட்டுப் பாயில் உட்காரக்கூடாது என்று சொந்த ஜமுக்காளம். நம்முடைய பெருமையைப் பார்க்க வெளி ஆள் ஒருவராவது வேண்டுமே என்று எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஆத்மநாதன். இவ்வளவையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்கரையில் தங்கள் கருப்பர் கோயிலுக்கு வந்து இறங்கினால், அங்கே சேவுகன் ஓரமாகப் புளியமரத்து நிழலில் எனக்கு இடம் போட்டிருக்கிறான். சாமிக்கு நேர் எதிரில், பனைமரத்தடி, கூட்டிப் பெருக்கினாற்போல் சுத்தமாகக் காலியாகக் கிடக்கிறது. ஏன் அங்கே போடவில்லை என்று கேட்டேன்.

"அங்கிட்டு வேணாம் மச்சான். பனையில கதண்டு கூடு வச்சிருக்கு. நாங்களே கொலவை போடாம, வேட்டுப் போடாம சாமி கும்பிட்டுப் போறோம்" என்றான்.

நான் மேலே பார்த்தேன். மண்குடம் கவிழ்த்தது மாதிரி மட்டைக்குள் ஏதோ இருந்தது. கூடாகவும் இருக்கலாம், காய்ந்த பாளையாகவும் இருக்கலாம். என் கண்ணுக்கு அது இரண்டாம் பந்தியாகத் தெரிந்தது. தாய்மாமன் சாமிக்கு நேரேதான் உட்காருவான், புளியமரத்தடியில் உட்கார நான் சந்தைக்கு வந்தவன் இல்லை என்றேன். அவன் மறுபடியும் ஏதோ சொல்ல வந்தான். தாங்கள்தான், "விடுடா, மச்சான் பிரியப்படி ஆகட்டும்" என்று அவனை அடக்கினீர்கள். மாப்பிள்ளை, அந்த ஒரு நேரம் தாங்கள் எனக்கு மரியாதை கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

திருப்பதி ஆசாரி ஊசியை எடுத்தார். மொட்டை அடித்து, சந்தனம் பூசி, என் மடியில் குழந்தை. இரண்டரை வயது. வேற்று முகம் என்று முதலில் சிணுங்கியவள், என் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்ததும் சமாதானமாகி அதற்கே தலையாட்டிக்கொண்டிருந்தாள். வலது காதில் ஊசி இறங்கியது. குழந்தையின் அழுகை கேட்காமல் இருக்கத்தானே கொட்டும் வேட்டும்? நான் ஏற்பாடு செய்துகொண்டு வந்த ஆள் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தான். மூன்று அதிர்வேட்டு. மூன்றாவது வேட்டுக்குப் பிறகு நாயனம் நின்றுவிட்டது. ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கத் தலையைத் தூக்கினேன். பனைமரத்தின் தலை புகைந்துகொண்டு இறங்கி வந்தது. புகை இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைக்கலாம். தவிலைப் பிடித்திருந்தவர் தவிலுக்குள் தலையை விடப் பார்த்தார். கருப்பருக்கு முன்னால் அரிவாள் மேல் நிற்கிற பூசாரி அரிவாளைப் போட்டுவிட்டுக் கண்மாய்க்குள் இறங்கி மூக்கு மட்டும் தெரிய நின்றார். முழங்கால் வலி என்று வண்டியிலிருந்து இரண்டு பேர் தாங்கி இறக்கிய தங்கள் பெரியப்பா, வரப்பைத் தாண்டி ஓடியதில் முதல் ஆள். ஆத்மநாதன் மட்டும் ஓடிக்கொண்டே ஒற்றையடிப் பாதையில் நின்று பின்னால் வந்த பெண்களைப் பார்த்து, "நீங்க முன்னால போங்க, நீங்க முன்னால போங்க" என்று வழிவிட்டு, பதினொரு கொட்டு வாங்கினார். மனிதனுக்குள் எது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அன்றைக்கு ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். அவருக்கு மரியாதை எலும்பு வரைக்கும் போயிருந்தது. எல்லாரும் பனையை விட்டு ஓடினார்கள். கண்ணாத்தாள் ஒருத்திதான் பொங்கல் பானையிலிருந்து பனையை நோக்கி ஓடிவந்தாள், தாங்கள்தான் அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டீர்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்டேன் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், நான் பார்க்கவில்லை. நான் ஜமுக்காளத்துக்குள் இருந்தேன். நான் உட்கார்ந்திருந்த என் சொந்த ஜமுக்காளம். நல்ல கனம். இரண்டு சுற்றுச் சுற்றி, முனைகளைப் பற்களால் கடித்துக்கொண்டு உள்ளே கிடந்தேன். வெளியே இரைச்சல். யாரோ மேலே வந்து விழுந்தார்கள், எழுந்து போனார்கள். இடது குதிகால் மட்டும் வெளியே நீண்டிருந்தது போல. அதில் ஒரே ஒரு கொட்டு.

எல்லாம் அடங்கி, வைக்கோல் புகை போட்டு, என்னை உருட்டிப் பிரித்தபோது எல்லாரும் புளியமரத்தடியில் இருந்தார்கள். கண்ணாத்தாள் மடியில் குழந்தை. நாலு கொட்டு, வீங்கிப்போய், ஒரு காதில் மட்டும் தோடு. சேவுகனை வண்டியில் கிடத்தியிருந்தார்கள். முதுகு முழுவதும் கொட்டு, முகம் பூசணிக்காய், கண் இருக்கும் இடம் தெரியவில்லை. குழந்தையைக் கீழே வைத்து அதன் மேல் கவிழ்ந்து படுத்திருந்தானாம். கண்ணாத்தாள் என்னைப் பார்த்து, "அண்ணே, புள்ளய யாருகிட்டண்ணே குடுத்த?" என்று கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியிலிருந்து சேவுகன் சொன்னான். உதடு வீங்கியிருந்ததால் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"மச்சான் ஒரு பொம்பள கையில பத்திரமாத்தான் குடுத்தாங்க அண்ணி. அந்தம்மாதான் ஓடியாந்து என்கிட்ட குடுத்துச்சு. ஆளு யாருன்னு நான் பாக்கல."

நானும் ஆமாம் என்றேன்.

அன்றைக்குத் தாங்கள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த நிலையிலும் மாலை போட்டீர்கள். தலைவாழை இலை போட்டு, கறி போட்டு, முதல் பந்தியில், முதல் இலையில் உட்கார வைத்தீர்கள். நான் சாப்பிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன், மாப்பிள்ளை. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது, அப்போது கூசவில்லை. மறுசோறும் வாங்கினேன். உயிர் தப்பிய உடம்புக்கு அப்படி ஒரு பசி.

இந்த மூன்று மாதமாக நான் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதிவைத்த தர்மம் எல்லாம் உட்கார்ந்து யோசிக்க நேரமிருக்கிற மனுஷனுக்கு. நேரமில்லாதபோது வேலை செய்வது வேறொன்று. அது நம் தாத்தாவுக்கு முந்தின தாத்தா, மரத்தின் மேல் இருந்த காலத்திலேயே கற்றுக்கொண்டது. அதற்கு நீதிபோதனை தெரியாது, பி.ஏ.வும் தெரியாது. சூட்டில் பட்ட கை யாரையும் கேட்டுக்கொண்டா விலகுகிறது? முதல் பந்திக்கு நான் பட்ட கோபமும் அந்தப் பழைய ஆசாமியின் கோபம்தான். எச்சில் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு நாய் வந்தால் உறுமுமே, அதற்கு நான் மரியாதை என்று பெயர் வைத்து ஒன்பது வருஷம் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன். போன வாரம் வகுப்பில், தன் உடம்பைக் கொடுத்துப் பிற உயிரைக் காத்த ஒரு ராஜாவின் கதை வந்தது. பாடத்தைப் புரட்டி அடுத்ததற்குப் போனேன். ஆத்மநாதன் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார், அவர் சுபாவம் அப்படி. ஆனாலும் பிள்ளைகள் என் குதிகாலைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. பொன்னுத்தாய் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த ஜமுக்காளத்தை வெயிலில் போட்டுக் கம்பால் அடிக்கிறாள். அதில் தூசி போன மாதமே போய்விட்டது.

இனி தாங்கள் கேட்ட அடையாளம். அந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கலாம். மாநிறம். அரக்கு நிறச் சேலை என்று ஞாபகம், பச்சையாகவும் இருக்கலாம். உயரம் நடுத்தரம். கோயிலுக்கு வந்தவள் என்பதைவிட, கண்மாய்க்கரையோடு வழியில் போனவளாகத்தான் இருக்க வேண்டும். அப்படியே பஸ் ஏறிப் போயிருப்பாள். இப்படிப்பட்டவர்கள் நன்றியை எதிர்பார்ப்பதில்லை, தேடினால் மனம் வருந்துவார்கள் என்று கண்ணாத்தாளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். அந்தச் சேலையை அம்மனுக்குச் சாற்றிவிட்டு, தை மாதம் ஒரு நல்ல நாளில் இரண்டாவது காதைக் குத்திவிடலாம். மடி என்னுடையதுதான், அதில் மாற்றம் இல்லை. இந்தத் தடவை இடம் எங்கே போட்டாலும் எனக்குச் சம்மதம். வேட்டு வேண்டாம்.

தங்கை தீர்க்கசுமங்கலியாக இருக்கவும், குழந்தை இரண்டு காதிலும் தோடு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவதை நாம் எல்லாரும் இருந்து பார்க்கவும் ஆசீர்வாதம். சேவுகனுக்கு முதுகு ஆறிவிட்டதா என்று எழுதவும். பொன்னுத்தாய் எல்லாரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
ரத்தினவேல்

பின் குறிப்பு: கவரை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்திருக்கிறேன்.

பொம்பளை யாரும் இல்லை. அரக்குச் சேலையும் இல்லை, பச்சைச் சேலையும் இல்லை. காது வலியில் குழந்தை என் இடுப்புத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, அவளைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டேன். நேரமில்லாதபோது உடம்பு தானாக வேலை செய்கிறது என்று மேலே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேனே, அது பொய். நேரம் இருந்தது. பத்து விரலைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போது தெரியும். அந்த நேரத்தில் அவளையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கலாம், ஜமுக்காளம் பெரியது. சேவுகன் அவளை எடுத்தது என் பக்கத்துத் தரையிலிருந்து. அவன் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், நான் கேட்டுக்கொள்ளாமல், அந்த வீங்கின வாயால் எனக்காக ஒரு பொம்பளையை உண்டாக்கினான்.

சேலையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அவனுக்கு வேட்டி எடுங்கள். காதை யார் மடியில் குத்துவது என்பதைக் கண்ணாத்தாள் சொல்லட்டும். சித்தப்பன் மடியில் குத்துவது வழக்கம் இல்லை என்று யாராவது சொன்னால், தாய்மாமன் சம்மதித்துவிட்டான் என்று சொல்லவும்.

கண்ணாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. மேலே உள்ள பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை மட்டும் படித்துக் காட்டவும். படிக்கும்போது சேவுகன் பக்கத்தில் இருக்க வேண்டாம். இருந்தால், மச்சானுக்குக் காய்ச்சல், என்னத்தையோ எழுதியிருக்காங்க என்று மறுபடியும் எனக்காகப் பேசிவிடுவான்.